எல்விரா ஸ்த்ரோமின் சம்மதம்

ஒரு ஹீட்டருக்குச் சட்டப்படி பாதுகாவலனாக இருந்த மனிதன் ஸ்வீடன் தேசத்திலேயே நான் ஒருவன்தான். முழுசாகப் பதினோரு மாதம் இருந்தேன். நகராட்சி முத்திரை குத்திய நியமனக் கடிதம் இன்னும் என் சமையலறை இழுப்பறையில், ரொட்டிக் கத்திக்கு அடியில் கிடக்கிறது. அந்த ஹீட்டர் ஒரு கூட்டத்தில் தன் வாயாலேயே பேசி, ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலேறி வந்த ஏழு பேரை ஊமையாக்கியது. பேசியது ஒரே ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து ஜனங்கள் அவ்வளவுதான் பேசுவார்கள்.

நம்பாவிட்டால் போகிறது. கல்விச் சங்கத்து சிக்பிரித்தும் நம்பமாட்டேன் என்று நின்றவள்தான். அவளிடம் வருகிறேன்.

வடக்கே பீத்தியோவில் பழைய சலவைக்கூடக் கட்டடத்துக்கு நான் முப்பத்தோரு வருஷம் காவல்காரன். சலவை போய்விட்டது, கட்டடம் நின்றது. அதன் பதினான்கு அறைகளிலும் இசைக்குழுக்கள் ஒத்திகை பார்க்கும். ஆனால் காகிதத்தில் எங்கள் ஊரில் இசைக்குழு என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் படிப்பு வட்டங்கள். கல்விச் சங்கம் அறை கொடுக்க வேண்டுமென்றால் நீங்கள் எதையாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்தாம் அறையில் முகத்தில் கரி பூசிக்கொண்டு சாத்தானைக் கூவி அழைக்கும் நான்கு பேர் 'குரலும் உடல்நலமும், இரண்டாம் நிலை' படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஒத்திகைக்கும் வருகைப் பட்டியலில் குறி போட்டு, வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். திங்கள்கிழமை சிக்பிரித் வந்து பெட்டியைத் திறந்து எடுத்துப் போவாள். உள்ளே மட்டும் வரமாட்டாள். படிக்கிறவர்கள் அறைக்குள் அதிகாரி நுழைவது கல்விச் சுதந்திரத்தில் தலையிடுவதாம். விதியில் இருக்கிறது.

ஒன்பதாம் அறை இல்வாவுக்கும் டீசாவுக்கும். இல்வா மூன்றாம் எண் பேருந்து ஓட்டுகிறவள். கிட்டார் வாசிப்பாள், பாடுவாள். டீசா பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் குறடு எடுத்துக் கொடுப்பவள், ட்ரம்ஸ் அடிப்பாள். குழுவின் பெயர் சேற்றுப்பனி. மூன்றாவதாக ஒரு பையன் இருந்தான். காதலில் விழுந்து மால்மோவுக்குக் குடிபோய்விட்டான். அடுத்த திங்கள்கிழமையே சிக்பிரித் பட்டியலோடு வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேருக்கு அறை கிடையாது."

"ரெண்டு பேர் படிச்சா படிப்பு ஏறாதா?" என்றாள் டீசா.

"ரெண்டு புள்ளி வச்சா கோடுதான் வரும். வட்டம் வராது. வட்டத்துக்கு மூணு வேணும்."

அவள் போனதும் இரண்டு பெண்களும் அறைக்குத் திரும்பித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அறை மூலையில் நாற்காலிமேல் விசிறி வைத்த பழைய ஹீட்டர் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு: 'எல்விரா'. கீழே பத்து இலக்க எண். எங்கள் நாட்டில் ஆளுக்கொரு பத்து இலக்க எண் உண்டு. அது இல்லாமல் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. அன்றைக்கு மாலை பட்டியலில் மூன்றாவது பெயர் ஏறியது. எல்விரா ஸ்த்ரோம். 'ஸ்த்ரோம்' என்றால் எங்கள் மொழியில் மின்சாரம். ஊருக்கு நூறு பேருக்கு அது குடும்பப் பெயரும்கூட. எண் கேட்ட கட்டத்தில் தகட்டின் எண்ணை எழுதினார்கள். சங்கத்துக் கணினி அதை முகர்ந்து பார்த்து, ஐம்பத்து நாலாம் வருஷம் மார்ச் மாதம் பிறந்த பெண்மணி என்று ஏற்றுக்கொண்டது.

யோசனை யாருடையது என்று கேட்காதீர்கள். பேனா மட்டும் என்னுடையது.

சும்மா சொல்லக்கூடாது, எல்விரா ஒருநாளும் ஒத்திகைக்குத் தாமதமாக வந்ததில்லை. ஒன்பது பாட்டை அவர்கள் அந்த அறையிலேயே பதிவு செய்தார்கள். ஹீட்டரை நிறுத்தினால் விரல் விறைத்துவிடும், அதனால் நிறுத்தவில்லை. ஒன்பது பாட்டுக்கு அடியிலும் அந்த ரீங்காரம் சுருதிப்பெட்டி போல ஓடும். இரண்டு பேரும் அதற்குத்தான் கிட்டாரையே சுருதி சேர்த்தார்கள். நல்ல பாட்டுகள். என் மனைவி 'குப்பை' என்றாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது நாலாவது பாட்டை முணுமுணுப்பாள்.

ஸ்டாக்ஹோமில் 'சுதந்திரச் செவி' என்றொரு இசைத்தட்டு நிறுவனம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய நிறுவனங்களை எதிர்த்து நாலு பேர் நிலவறையில் தொடங்கியது. அந்த நாலு பேரும் இன்னும் இருந்தார்கள். இப்போது ஆளுக்கு ஒரு துறை. இல்வா பாட்டை அனுப்பினாள். மிகவும் பிடித்திருக்கிறது என்று நாற்பத்தொரு பக்க ஒப்பந்தம் வந்தது. முதல் வரியே இப்படி: 'இது ஒப்பந்தம் அல்ல, கூட்டுப் பயணம்.' மீதி நாற்பது பக்கமும் பயணத்தில் யார் எங்கே இறங்கக்கூடாது என்பது.

சாரம் மூன்றே விஷயம். ஒன்பது பாட்டின் வெளியீட்டு உரிமையும் நிறுவனத்துக்கு. பதினெட்டு மாதத்துக்குள் தட்டு வெளிவராவிட்டால் உரிமை குழுவுக்கே திரும்பும். தட்டு வெளிவரும் வரை குழு அந்தப் பாட்டுகளைப் பொது இடத்தில் பாடக் கூடாது. கடைசிப் பக்கத்தில், குழுவின் எல்லா உறுப்பினர்களும் கையெழுத்திட வேண்டும், உறுப்பினர்கள் யார் என்பதற்கு அத்தாட்சி இணைக்க வேண்டும் என்று இருந்தது.

அங்கேதான் இல்வா தவறினாள். சேற்றுப்பனி என்ற குழு இந்தப் பூமியில் இருப்பதற்கு ஒரே அத்தாட்சி சிக்பிரித் முத்திரை குத்திய வருகைப் பட்டியல்தான். அதை இணைத்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. 'அன்பு இல்வா, அன்பு டீசா, எல்விராவின் கையெழுத்து விடுபட்டிருக்கிறது. அவளுக்கு எங்கள் அணைப்பு.'

உரிமைத் துறைக்கு ஹென்னிங் என்று ஒருவன். இல்வா அவனுக்குப் போன் போட்டாள். என் காவல் அறைப் போனில்தான் பேசினாள். நான் பக்கத்தில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேசத்தில் ராஜாவைத் தவிர யாரும் யாருக்கும் 'நீங்கள்' கிடையாது. பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

"ஹென்னிங், உங்கிட்ட ஒன்னு சொல்லணும். எல்விரா ஒரு ஹீட்டர்."



"இல்வா, நான் உன்னைத் திட்டல. ஆனா குழுவுல ஒருத்தரை இன்னொருத்தர் இப்படிப் பேசறதை எங்களால ஏத்துக்க முடியாது."

"திட்டலை ஹென்னிங். நிஜமா ஹீட்டர். ப்ளக் இருக்கு."

"போன வருஷம் ஒரு குழுவுல ட்ரம்ஸ்காரனை உருளைக்கிழங்கு மூட்டைன்னு சொன்னாங்க. அவன் ஆறு மாசம் வேலைக்கே போகல. எங்க ஒலி ஆய்வாளர் ஒன்பது பாட்டையும் கேட்டார். மூணாவது ஆள் எல்லாப் பாட்டுலயும் இருக்காங்க. ஒரு இடத்துலகூட சுருதி தப்பல. உங்க ரெண்டு பேரைப் பத்தி அப்படிச் சொல்ல முடியல, மன்னிச்சுக்கோ."

மறுவாரம் குழுச் சச்சரவு ஆலோசகர் ஒருவரிடமிருந்து பதினாறு கேள்வி வந்தது. ஏழாவது: 'எல்விரா அறைக்குள் வரும்போது உனக்கு என்ன தோன்றுகிறது?' டீசா பதில் எழுதினாள்: 'கதகதப்பாக இருக்கிறது.' ஆலோசகர் அதை நல்ல முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார்.

நாங்கள் சிக்பிரித்திடம் போனோம். எல்விரா ஸ்த்ரோம் என்று ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடு என்றோம். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"ஆல்கோத், உனக்கு வயசு அறுபத்து நாலு. இந்தப் பொண்ணுங்களோட சேர்ந்து நீயும் விளையாடறியா? இந்தம்மா இருநூத்திப் பதினாலு தடவை வந்து படிச்சிருக்கா. ஊர்லயே நல்ல வருகை இவளுக்குத்தான். போன வருஷம் பாராட்டுப் பத்திரமே அனுப்பிச்சேன்."

"அது ஹீட்டர், சிக்பிரித். வந்து பாரு."

"நான் உள்ள வரமாட்டேன்னு உனக்குத் தெரியும். ஹீட்டருக்கு யாராவது வருகை போடுவாங்களா? எவன் நம்புவான் இதை? நான் முப்பது வருஷமா பட்டியல்ல பென்சிலால்கூட ஒரு பொய் எழுதினதில்ல."

அது உண்மை. அதுதான் சங்கடமே.

நிறுவனம் அடுத்தடுத்து அனுப்பிய மூன்று கடிதத்துக்கும் எல்விரா பதில் போடவில்லை. சுதந்திரச் செவி கவலைப்பட்டது. தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாதவர்களுக்கு எங்கள் நகராட்சி ஓர் ஆளை நியமிக்கும். அந்தப் பதவிக்குச் சட்டத்திலேயே பெயர் 'நல்ல மனிதர்'. எல்விராவுக்கு ஒரு நல்ல மனிதர் தேவை என்று ஹென்னிங் எங்கள் நகராட்சிக்கு எழுதிவிட்டான். நகராட்சியிலிருந்து விசாரிக்க ஓர் அம்மாள் வந்தாள். கையில் படிவம், மூக்கில் சளி. ஒன்பதாம் அறையில் எல்விராவுக்கு எதிரே இருபது நிமிஷம் உட்கார்ந்தாள். அறை இதமாக இருந்தது. எட்டு நிமிஷம் தூங்கினாள் என்பது என் கணக்கு. அவளுடைய அறிக்கை என்னிடம் இருக்கிறது: 'திருமதி ஸ்த்ரோம் அமைதியானவர். உதவியின்றி நகர இயலாது. கேள்விகளுக்கு வாய்திறந்து பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் முன்னிலையில் எனக்கு மனசு இளகியது. தனியாக விட்டுவிட்டு வெளியே போவது உசிதமல்ல.' கடைசி வரியை அவள் தகட்டிலிருந்தே எடுத்திருக்க வேண்டும். 'கவனிப்பின்றி இயங்க விடாதீர்' என்று அதிலும் எழுதியிருந்தது.

அறைச் சாவி என்னிடம் இருந்ததால் நல்ல மனிதர் பதவி எனக்கு வந்தது. என் மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "நாப்பது வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியவே இல்லையே," என்றாள்.

சரி, நல்ல மனிதன் கையெழுத்துப் போட்டால் விவகாரம் முடிந்தது என்று நினைத்தேன். ஹென்னிங் போன் செய்தான்.

"ஆல்கோத், எல்விராவோட நல்ல மனிதர் நீதானே?"

நான் ஆமாம் என்றேன். எப்படி என்றேன் என்பதுதான் இங்கே விஷயம். வடக்கத்திக்காரர்கள் நாங்கள் ஆமாம் என்று சொல்வதில்லை. உதட்டைக் குவித்து மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுப்போம்: ஷுப். அவ்வளவுதான். குளிர்காலத்தில் வாயைத் திறந்து சூட்டை வீணாக்குவானேன்? கல்யாணத்தில் பாதிரியாருக்கும் ஷுப்தான், கோர்ட்டில் நீதிபதிக்கும் ஷுப்தான்.

"ஹலோ? ஆல்கோத்? மூச்சு முட்டுதா?"

"ஷுப்," என்றேன், கேட்கிறது என்ற அர்த்தத்தில்.

ஏழு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் மறுபடி போன், மறுபடி ஆம்புலன்ஸ். ஓட்டுநர் என் மச்சான் மகன். "மாமா, உன் ஷுப்பால ஒரு பிரசவ கேஸ் காத்துக்கிட்டிருக்கு," என்று திட்டிவிட்டு, போனை வாங்கி ஹென்னிங்குக்கு விளக்கினான். ஹென்னிங் ஒழுங்கான அதிகாரி. அன்றைக்கே நிறுவனத்தில் சுற்றறிக்கை பதினான்கு வெளியானது: 'வடக்குப் பகுதிக் கலைஞர் மூச்சை உள்ளிழுத்தால் அது சம்மதமாகவே கொள்ளப்படும். ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டாம்.' வட்டார வழக்கை மதிப்பதற்காக அவர்களுக்கு ஒரு கேடயமும் கிடைத்தது.

ஆனால் என் கையெழுத்து செல்லாது என்றான். "சொத்து விஷயத்துல நீ கையெழுத்துப் போடலாம். பாட்டு விஷயத்துல கலைஞர் சம்மதத்தைக் கலைஞரேதான் தரணும். கலைஞரோட குரலைக் கேக்கணும்னுதான் இந்த நிறுவனமே ஆரம்பிச்சோம்."

இப்படியே பதினெட்டு மாதம் போனது. தட்டு வரவில்லை. நாய்க்குக் கிடைத்த தேங்காய்; அவர்களுக்கு உடைக்கவும் வராது, விடவும் மனசில்லை. இல்வா காலிப் பேருந்தில் தன் பாட்டைத் தானே முணுமுணுத்தால் அது பொது நிகழ்ச்சியா என்று எழுதிக் கேட்டாள். நாலு மாதம் கழித்துப் பதில்: கதவு மூடியிருந்தால் இல்லை, நிறுத்தத்தில் கதவு திறந்தால் ஆமாம். அதிலிருந்து பாட்டின் பாதியில் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஏறுகிறவர்கள் தங்களைப் பார்த்து அவள் முறைக்கிறாள் என்று நினைத்தார்கள்.

பதினெட்டு மாதம் முடிந்த மறுநாள் உரிமையைத் திருப்பிக் கேட்டாள்.

"திருப்பித் தரலாம்தான்," என்றான் ஹென்னிங். "ஆனா மூணாவது கையெழுத்து இல்லாததால ஒப்பந்தம் இன்னும் தொடங்கவே இல்ல. தொடங்காதது எப்படி முடியும்?"

"தொடங்கலைன்னா பாட்டு எங்களோடதுதானே?"

"ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. மூணுல ரெண்டு பங்கு தொடங்கிடுச்சு."

"அப்ப மூணுல ரெண்டு பங்கு முடிச்சுக் கொடு. ஆறு பாட்டை எடுத்துக்கறோம்."

"எல்லாப் பாட்டுலயும் எல்விரா இருக்காங்களே."

இல்வா போனை வைக்கவில்லை; என் மேஜைமேல் படுக்கவைத்துவிட்டு வெளியே போய்ப் பனியை உதைத்தாள். உள்ளே ஹென்னிங் 'ஹலோ, ஹலோ' என்றுகொண்டிருந்தான். நான் எடுத்து ஒரு ஷுப் கொடுத்து வைத்தேன்.

டீசா அதைவிட மோசம். அவள் எதையும் உதைக்கவில்லை. நார்வேயில் த்ரோந்தைம் ஊர்ப் பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேலைக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரி முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"பாட்டு இருந்தா இங்க இருப்பேன், ஆல்கோத்," என்றாள். "பாடக் கூடாத பாட்டுக்கு எத்தனை நாள் ட்ரம்ஸ் அடிக்கறது? பல்லாவது புடுங்கினா கையில வருது."

அப்போதுதான் நல்ல மனிதன் தன் பதவியைப் பயன்படுத்தினான். சுதந்திரச் செவிக்கு எழுதினேன்: 'என் பராமரிப்பில் உள்ள எல்விரா ஸ்த்ரோம் தன் வாயாலேயே பதில் சொல்லத் தயார். பயணம் செய்ய இயலாதவர். நீங்கள் வர வேண்டும். உரிமையைத் திருப்பித் தருவதா என்ற ஒரே கேள்வி. பிப்ரவரி இருபத்து நாலு, பகல் பன்னிரண்டு மணி.'

ஏழு பேர் வந்தார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி. தலைவி ஊல்ரிக்கா, அந்த நிலவறை நால்வரில் ஒருத்தி. காதில் இசைத்தட்டு வடிவத் தோடு. ஹென்னிங் நெட்டையாக, கோப்புக் கட்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. மற்ற ஐந்து பேர் என்ன துறை என்று அவர்களுக்கே குழப்பம். எங்கள் வழக்கப்படி கூட்டக் குறிப்பைச் சரிபார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும். அவர் ஒப்பினால்தான் முடிவு செல்லும். உள்ளூரில் நேர்மைக்கு ஒரே ஆள்தான். கூட்டம் படிப்பில் சேராது, அதனால் உள்ளே வரத் தடையில்லை என்று சிக்பிரித்தே விதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்பதாம் அறைக்கதவைத் திறந்தேன். அரைவட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் எல்விரா இருந்தாள். பித்தளைத் தகட்டைத் துடைத்து வைத்திருந்தேன். எட்டுப் பேர் பார்த்தார்கள். எட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. அது ஹீட்டர் என்று முதலில் சொல்கிறவர் இரண்டு வருஷத்துக் கோப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டுமே. ஊல்ரிக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கடைசியில் சந்திச்சுட்டோம், எல்விரா," என்று அவள் விசிறியைப் பார்த்துச் சொன்னாள்.

சிக்பிரித் மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆல்கோத். இது என்ன?"

"உன் பாராட்டுப் பத்திரம் வாங்கினவ."

அவள் முகம் வெளுத்துப்போய், எல்விராவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுதான் சூடான இடம்.

எல்விராவைப் பற்றி நான் ஒன்றை இதுவரை சொல்லவில்லை. பழைய ஹீட்டர். அறை பதினெட்டு டிகிரி ஆனதும் விசிறி நிற்கும். நிற்கும்போது உள்ளே ஒரு தகடு காற்றை இழுத்துக்கொண்டு மூடும். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். இரண்டு பேர் இருந்தால் நாற்பது நிமிஷம் ஆகும். பதினோரு பேர் இருந்து, அதில் ஏழு பேர் வரும் வழியில் என் மனைவி கொடுத்த பால்ட் என்னும் உருளைக்கிழங்கு உருண்டைகளை, உள்ளே பன்றிக்கறியும் மேலே வெண்ணெயுமாக, ஆளுக்கு நாலு தின்றிருந்தால் இருபத்து மூன்று நிமிஷம். ஒரு வாரம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

நான் கணக்கில் சேர்க்காதது ஊல்ரிக்காவின் பேச்சை.

"நண்பர்களே," என்று எழுந்தாள். "பெரிய நிறுவனத்துல ஒருத்தர் முடிவெடுப்பார். இங்க யாரும் முடிவெடுக்கறதில்ல. அதுதான் சுதந்திரம். பெரிய நிறுவனம் உங்க தட்டை வெளியிட்டு உங்களை மறந்துடும். நாங்க வெளியிடறதில்ல, அதனால உங்களை மறக்கறதுமில்ல. இந்த ரெண்டு வருஷத்துல எங்க உரிமைத் துறை எந்தக் குழுவோடயும் இவ்வளவு நெருக்கமா இருந்ததில்ல…"

பதினெட்டாவது நிமிஷம். கேள்வி இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. நான் காலை நீட்டிக் கதவை ஒரு விரற்கடை திறந்தேன். இருபத்தேழு டிகிரிக் குளிர் பாம்பு மாதிரி உள்ளே வந்தது. ஐந்து பேரும் கோட்டை இழுத்துக்கொண்டார்கள். எல்விரா உறுமிக்கொண்டு தொடர்ந்தாள். ஊல்ரிக்கா நிலவறை நாட்களுக்குப் போனாள். அப்போது ஒரே ஒரு நாற்காலி இருந்ததாம், முறை வைத்து உட்கார்ந்தார்களாம். நான் கதவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். என் முழங்கால் இன்றைக்கும் அந்தப் பேச்சை நினைத்து வலிக்கும். டீசா மடியில் அந்த நார்வேக் கடிதம் நாலாக மடிந்து, எட்டாக மடிந்து, இனி மடிய இடமில்லாமல் இருந்தது.

"…ஆக, கேள்விக்கு வர்றேன்," என்றாள் ஊல்ரிக்கா. கதவைச் சாத்தினேன். "ஒன்பது பாட்டோட வெளியீட்டு உரிமையும் குழுவுக்கே திரும்பட்டுமா? இல்வா?"

"ஷுப்."

"டீசா?"

"ஷுப்."

ஹென்னிங் சுற்றறிக்கையைப் புரட்டிப் பார்த்து இரண்டு 'ஆம்' எழுதினான்.

"எல்விரா?"

ரீங்காரம். எல்லோரும் நாற்காலியைப் பார்த்தோம். பத்து விநாடி. பதினைந்து. இல்வா கண்ணை மூடிக்கொண்டாள். ஹென்னிங் பேனாவைத் தாழ்த்தி, 'பதில்' என்று எழுதி, அடுத்து 'இல்லை'யின் முதல் எழுத்துக்குப் போனான்.

விசிறி நின்றது.

ஷுப்.

ஹென்னிங் மெல்லக் கேட்டான்: "அது… யாரு?"

"காத்தா இருக்கும்," என்றார் துறை தெரியாத ஐவரில் ஒருவர்.

"கதவு மூடியிருக்கு," என்றேன். அது சத்தியமான உண்மை.

ஹென்னிங் எழுந்து நின்று படித்தான். "சுற்றறிக்கை பதினாலுப்படி அந்தச் சத்தம் சம்மதம்தான். அது மூணாவது பங்கேற்பாளர்கிட்ட இருந்து வந்ததுன்னு வெளியாள் ஒருத்தர் உறுதி சொன்னா, இந்த நிமிஷமே உரிமை குழுவுக்குப் போகுது. சொல்லலைன்னா…" கோப்பைப் புரட்டினான். "விஷயம் குழுச் சச்சரவு ஆலோசகர்கிட்டத் திரும்பும். பதினெட்டு மாசம்."

எல்லோரும் சிக்பிரித்தைப் பார்த்தார்கள். ஹீட்டரிலிருந்து அரை கஜத்தில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் நம்பமாட்டேன்," என்றாள். "இது ஆல்கோத் வேலை. நீதானே மூச்சு இழுத்தே?"

"நான் மூச்சையே பிடிச்சுக்கிட்டு இருந்தேன், சிக்பிரித்."

"இல்வா?"

இல்வா இல்லை என்று தலையாட்டினாள். டீசா கடிதத்தை இன்னொரு மடிப்பு மடிக்கப் பார்த்தாள், அது விரிந்துகொண்டது. சிக்பிரித் அந்தக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்விராவின் தகட்டருகே குனிந்து, பத்து இலக்கத்தையும் விரலால் தொட்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். மனப்பாடமாக அவளுக்குத் தெரிந்த எண்தான். இருநூற்றுப் பதினாலு தடவைக்கு மேல் முத்திரை குத்தியவள்.

"கேள்வியைத் திருப்பிப் படி," என்றாள்.

ஹென்னிங் படித்தான். "'சம்மதத்தின் ஒலி மூன்றாவது பங்கேற்பாளரிடமிருந்து வந்ததா?'"

"அவ்வளவுதான் கேள்வி? ஆளா, சாமானான்னு கேக்கல?"

"ஒரு பங்கேற்பாளர் யார், எப்படின்னு நாங்க கேக்கவே மாட்டோம்," என்றாள் ஊல்ரிக்கா பெருமையோடு. "அது எங்க கொள்கை."

"பொய் எழுதச் சொல்லலையே?"

"கேட்டதைச் சொன்னா போதும்."

சிக்பிரித் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கூட்டம் முடியட்டும், இருக்கிறது உனக்கு என்கிற பார்வை. பிறகு முப்பது வருஷமாகப் பென்சிலால்கூடப் பொய் எழுதாத அந்த அம்மாள், உதட்டைக் குவித்தாள்.

"ஷுப்," என்றாள்.